முக்கால் மனசு

பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் என் முதுகுவலியும் இங்கே ஒற்றுமையாக இருக்கிறோம். உங்களுக்கு இருமல் என்று தங்கை எழுதியிருந்தாள். மருந்து குடிக்கிறீர்களா, இல்லை வழக்கம்போல் பாட்டிலைக் குலுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்களா?

ஒரு உதவி வேண்டும். என் நாவலின் நாயகன் உங்களைப்போல் லிஃப்ட் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் எழுதுவது. அதைச் செய்கிறவனை வைத்து எழுதினால் இரண்டாம் பக்கத்தில் வாசகர் தூங்கிவிடுவார். அதனால்தான் சொந்தக்காரர்களின் பிழைப்பில் கை வைக்கிறேன். எட்டு அத்தியாயம் முடித்துப் பதிப்பகத்து ஆசிரியை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏன் சார், இந்த ஆளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? பசிச்சா சாப்பிடறான், பொண்டாட்டி சொன்னா தலையாட்டறான். உள்ளுக்குள்ள ஒரு சண்டை வேண்டாமா? ரெண்டு விஷயம் வேணும்னு தவிக்கணும், ரெண்டும் ஒண்ணா கிடைக்கக் கூடாது" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்குள் என்ன சண்டை இருக்க முடியும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். யோசித்து எழுதுங்கள், அவசரமில்லை. (அவசரம்தான். மார்ச்சுக்குள் கேட்கிறார்.)

இருமலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 19

அன்புள்ள மச்சானுக்கு,

இருமல் போய்விட்டது. மருந்து அப்படியே இருக்கிறது. உங்கள் முதுகை விசாரித்ததாகச் சொல்லுங்கள். இங்கே உங்கள் தங்கை நன்றாக இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்க எடுத்திருக்கிறாள். வீடெங்கும் நீலத் துணி.

நீங்கள் கேட்டது என் மண்டையைக் குடைகிறது. லிஃப்டுக்கு இரண்டு பொத்தான்தான், மேலே, கீழே. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முதலில் அழுத்தியது எதுவோ அதைத்தான் கேட்கும். நாங்கள் அப்படித்தான் அமைத்து வைப்போம். ஆளுக்கு அப்படி எதுவும் அமைத்து வைக்கவில்லை போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். ஒருவனுக்கு ஒரு கடிதம் வருகிறது. மனைவிக்கும் சேர்த்து வந்த கடிதம். அவன் அதை அவளிடம் காட்டாமல் வைத்திருக்கிறான். இது போதுமா உங்கள் கதைக்கு?

இனிமேல் எனக்குப் பட்டறை முகவரிக்கே எழுதுங்கள். வீட்டில் நீலத் துணிக்கு நடுவில் கடிதம் காணாமல் போய்விடுகிறது.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


பிப்ரவரி 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான்தான்.

உங்களை இத்தனை வருடம் வெறும் மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! போதுமா என்றா கேட்கிறீர்கள்? தாராளமாகப் போதும். ஆனால் என்ன கடிதம்? பழைய காதலியா? அது வேண்டாம், எல்லாரும் எழுதிவிட்டார்கள். வெளியூரில் வேலை கிடைத்த கடிதமா? ஏன் மறைக்கிறான்? எங்கே ஒளித்து வைக்கிறான்? அவள் ஏன் கேட்கவில்லை? கேள்விகளாகக் கொட்டிவிட்டேன், ஒவ்வொன்றாகப் பதில் எழுதுங்கள்.

பட்டறை முகவரி கேட்டதும் புரிந்துகொண்டேன். இலக்கியத்துக்குத் தனிமை வேண்டும். தங்கையிடம் மூச்சு விட மாட்டேன். அவளுக்கு என் அன்பு, உங்கள் உடம்புக்கு என் கவலை.

மச்சான்


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கேட்டதற்குப் பதில். அவனுக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. மருத்துவர்களிடம் அலைந்து ஓய்ந்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காப்பகத்தில், ஒரு குழந்தையை வளர்க்கக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க வேண்டுமே. அன்றிலிருந்து அவள் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பாள்.

ஒருநாள் அவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது பெட்டியில் அந்தக் கடிதம் இருந்தது. பெண் குழந்தை, நான்கு வயது. கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் இருவரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவர்களுக்குப் போய்விடும். கூடவே குழந்தையின் சின்னப் புகைப்படம். அதில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் வேறு யாரையோ பார்க்கிறாள்.

அவன் சாப்பிட்டான், கை கழுவினான், கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அதைப் பழைய துணியில் சுற்றிக் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பதற்குப் பெட்டி வீட்டுக்கு வரும், அன்று அடித்தட்டை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுவான்.

ஏன் மறைக்கிறான் என்று கேட்டீர்கள். அது எனக்கு... அவனுக்கே தெரியவில்லை. இரண்டு வருடமாக அவனும் கேட்டதுதானே, வந்ததும் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

நீங்கள் சொல்லுங்கள், அடுத்து அவன் என்ன செய்ய வேண்டும்?

மாப்பிள்ளை


மார்ச் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம், சுகம், அதைவிட்டால் சந்தோஷம்!

உங்கள் கடிதத்தை ஆசிரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார். "எனக்கு" என்று எழுதி அடித்துவிட்டு "அவனுக்கே" என்று போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கே அசந்துபோனேன். நானே இப்படிக் கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததில்லை.

ஆனாலும் குறை சொல்லாவிட்டால் நான் எழுத்தாளனா? கடிதத்தை நகல் எடுத்து, அதில் சிவப்பு மையால் திருத்தி அனுப்பியிருக்கிறேன். முக்கியமானவை: புகைப்படம் வேண்டாம், வாசகரை அழவைக்கும் மலிவான வேலை. மனைவி பாத்திரம் ரொம்ப அப்பாவி. அவளுக்கென்று ஒன்றுமே இல்லை, பெட்டியைத் திறந்து மூடுகிறாள், அவ்வளவுதான். நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இரண்டாம் நாளே மோப்பம் பிடித்திருப்பாள். அதனால் அவளைக் குறைத்துவிடுவோம், முழுக்க அவன் பக்கமே கதை இருக்கட்டும்.

அடுத்து என்ன என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யக் கூடாது. இப்போதே காட்டிவிட்டால் ஒன்பதாம் அத்தியாயத்தோடு கதை முடிந்துவிடும். நாட்கள் போகட்டும், அவன் புழுங்கட்டும்.

தங்கை ஏன் எனக்கு எழுதுவதே இல்லை? தையல் அதிகமோ?

மச்சான்


ஏப்ரல் 9

அன்புள்ள மச்சானுக்கு,

எழுதத் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் இளைத்திருப்பதாகப் பட்டறையில் சொல்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி அவனைக் காத்திருக்க வைத்தேன். இன்னும் இருபத்து நான்கு நாள்தான் பாக்கி. இதற்கிடையில் அவன் மனைவி தையல் இயந்திரத்தைச் சின்ன அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றிவிட்டாள். ஏன் என்று கேட்டான். "அங்க வெளிச்சம் பத்தலை" என்றாள். அந்த அறையில்தான் வீட்டிலேயே பெரிய ஜன்னல்.

ஏன் மறைத்தான் என்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, சரியா பாருங்கள். முன்பொரு நாள் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே தனியாக ஒரு சின்னப் பெண். இவன் வெளியே கதவோரம் உட்கார்ந்து நாற்பது நிமிடம் அவளோடு பேசினான். தன் பூனையைப் பற்றி எல்லாம் சொன்னாள், இவனையும் சிரிக்க வைத்தாள். கதவு திறந்தது. இவன் கையை நீட்டினான். கை முழுக்க கிரீஸ், முகத்திலும்தான். பார்த்ததும் வீல் என்று கத்திவிட்டு, இவனைத் தாண்டி ஓடிப் போய்க் காவலாளியைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள், இவனும் சேர்ந்து சிரித்தான்.

அதைப் போய் மனதில் வைத்துக்கொள்வானா ஒரு மனிதன்? வைத்துக்கொண்டிருக்கிறான். நான்கு வயதில் வருகிறவளுக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று தெரிந்திருக்கும். அவளுக்கு இவனைப் பிடிக்காவிட்டால்? இவனுக்கு அவளைப் பிடிக்காவிட்டால்? அதை மனைவி பார்த்துவிட்டால்?

எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது, மச்சான். நீங்கள் இதிலே பழக்கப்பட்டவர். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இளைத்திருக்கிறீர்களா? எழுத்து அப்படித்தான், ஆளையே உருக்கிவிடும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கிரீஸ் கை அபாரம். ஆசிரியை அம்மா, "இப்பத்தான் சார் இந்த ஆளுக்கு உயிர் வந்திருக்கு" என்றார். தையல் இயந்திரத்தை நகர்த்தியதும் நன்றாக இருக்கிறது. தங்கையின் தொழிலை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை, நானும் அதைத்தானே செய்கிறேன்.

முடிவுக்கு வருவோம். கெடு தாண்டட்டும். தொண்ணூற்றோராம் நாள் காலையில் அவன் கடிதத்தை எடுத்துப் பார்க்கிறான், இனி எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை. நிம்மதியா, துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குக் கடைசிவரை தெரியாது. முற்றும். இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது, என்னை நம்புங்கள்.

தங்கையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகுவலி தேவலையா? நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். சீருடை எல்லாம் தைத்துக் கொடுத்தாயிற்று.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஒரு குழந்தையை வளர்க்கக் கேட்டு எழுதிக் கொடுத்தோம். எங்களோடு எழுதிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்துவிட்டதாம். எங்களுக்கு இன்னும் வரவில்லை. "வந்துச்சா?" என்று அவரைக் கேட்டேன். "வரலையே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் ஆண்களைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். ஒரு மனிதர் ஒரு கடிதத்தை மனைவியிடம் கொடுக்காமல் இருக்க என்ன காரணம் இருக்கும், அண்ணா? சும்மா கேட்டேன்.

அவர் ரொம்ப இளைத்துவிட்டார்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 26

மாப்பிள்ளை,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. படித்துவிட்டு உங்கள் கடிதங்களை முதலிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். சிவப்பு மை எடுக்கவில்லை.

நான் ஒரு முட்டாள். உங்கள் வாழ்க்கையை வாங்கி எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். "சொல்லுங்க அண்ணா" என்றாள். முதுகுவலியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு வைத்துவிட்டேன். பட்டறைக்குக் கூப்பிட்டால், "அவர் லிஃப்ட் குழிக்குள்ள இருக்காருங்க, ரெண்டு மணி நேரம் ஆகும்" என்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் அதையே சொன்னார்கள். அவளுக்கு மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். சொன்னால் உங்கள் இருவருக்கும் நடுவில் குண்டு வைத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை வேறு வீட்டுக்குப் போகும், அதற்கு நானும் ஒரு காரணம். இரண்டும் என்னால் ஆகாது. இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

கதை கிதை எல்லாம் வேண்டாம். நான் எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். குழந்தை வேண்டும் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள், எதுவானாலும் அவளிடம் சொல்லுங்கள். இது கையில் கிடைக்கும்போது நான்கு நாள் இருக்கலாம்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். வீட்டுக்குப் போங்கள்.

மச்சான்


மே 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். பதற்றத்தில் தூக்கம் கெட்டிருக்கும், அதனால் முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

மே ஒன்றாம் தேதி மதியம் சாப்பாட்டு நேரத்தில் கருவிப் பெட்டியோடு வந்தார். சாப்பாட்டு மேஜை மேல் வைத்துத் திறந்து, அந்தத் துணியைப் பிரித்து, கடிதத்தை என் முன் வைத்தார். "இது வந்து மூணு மாசம் ஆச்சு" என்றார். நான், "தெரியும்" என்றேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆமாம் அண்ணா, தெரியும். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயந்திரத்தின் ஊசி கழன்றதற்கு ஸ்க்ரூ டிரைவர் தேடும்போது பார்த்தேன். பிரித்துப் படித்துவிட்டு, இருந்தபடியே சுற்றி வைத்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பாடா என்று மூச்சுதான் வந்தது. எனக்கும் பயம், அவரை விட அதிகம். தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழகியிருந்தது, உள்ளே கடிதம் இருப்பது பழகவில்லை. நாளைக்கு அவராகக் கொடுப்பார் என்று தினமும் நினைப்பேன். கொடுக்காமல் போனால் சந்தோஷப்படுவேன். பிறகு சந்தோஷப்பட்டதற்காக அவரை வெறுப்பேன். இப்படி ஒரு பெண்ணை நீங்கள் எழுதினால் யாராவது நம்புவார்களா?

பிறகு வந்த ஞாயிறுகளில் பெட்டியில் உங்கள் கடிதங்களும் இருந்தன. "மனைவி பாத்திரம் ரொம்ப அப்பாவி" என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். "கெடு தாண்டட்டும்" என்று எழுதியிருந்ததைப் படித்தபோது சிரிக்கவில்லை. அதுவரை வராத கோபமெல்லாம் உங்கள் மேல் வந்தது. யாரோ என் குழந்தையைப் பிடுங்க வந்த மாதிரி இருந்தது. என் குழந்தை என்று அப்போதுதான் முதல் தடவை நினைத்தேன். அவரை நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் உங்களுக்கு எழுதினேன். உங்களைக் கொஞ்சம் தவிக்கவிட வேண்டும் என்றும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காப்பகத்துக்குப் போனோம். படிவத்தில், "நாங்கள் இருவரும் முழு மனத்துடன்" என்று ஒரு வரி. இவர் அங்கே பேனாவை நிறுத்திவிட்டார். அலுவலரம்மா, "என்ன சார்?" என்றார். "முழு மனசுன்னு சொல்ல முடியலைங்க. ஒரு முக்கால் இருக்கும்" என்றார் இவர். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் என் வாயும் சும்மா இருக்கவில்லை, "எனக்கும் அவ்வளவுதாங்க" என்றேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மிச்சம் கால் மனசை நாளைக்குக் கொண்டு வருவீங்களா?" என்றார். இவர், "தெரியலைங்க" என்றார். "சரி, போடுங்க" என்றார்.

வீடு பார்க்க ஆள் வருவார்கள், பிறகு அவளை அனுப்புவார்களாம். உங்கள் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதனால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரில் திட்ட வேண்டும்.

தங்கை


ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

திட்டுவதற்கு எப்போது வர வேண்டும் என்று தேதி சொன்னால் வருகிறேன். உடம்பு அதுவரை தாங்கும்.

ஆசிரியை அம்மா, "அந்தக் கடிதம் என்ன சார் ஆச்சு? கொடுத்தானா இல்லையா?" என்று நச்சரிக்கிறார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தை அப்படியே மூடி வைத்திருக்கிறேன். உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டேன். அனுமதி கிடைத்தாலும் எழுதத் தெரியுமா என்று தெரியவில்லை. அவன் ஏன் கொடுத்தான், மாப்பிள்ளை? என் கடிதத்தாலா? பயம் போய்விட்டதாலா?

அவள் எப்போது வருகிறாள்?

அண்ணன், மச்சான்


ஆகஸ்ட் 20

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே மூவரும் நலம். மூவரும் என்று எழுத இன்னும் கை பழகவில்லை.

ஏன் கொடுத்தேன் என்று கேட்டிருந்தீர்கள். பயம் போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று நான் கொடுக்கவில்லை, அடுத்த நாளும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது பெட்டியும் கையில் இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. கதைக்கு இது உதவாது. வேண்டுமானால் ஏதாவது காரணம் வைத்து எழுதிக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் தங்கை மட்டும், அந்த மனைவியை அப்பாவியாக எழுதக் கூடாது என்கிறாள்.

அவள் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பெரிய ஜன்னல் அறை அவளுக்கு. முதல் மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேலையிலிருந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவள் பக்கம் போகிறேன். அவள் தூரத்தில் நின்று நான் கழுவுவதைப் பார்ப்பாள்.

உங்கள் தங்கையை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். என்னை அப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசித்தோம். அதற்குள் நேற்று நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து, "ஏங்க" என்று குரல் கேட்டது. உங்கள் தங்கைதான் என்று நினைத்து நிமிர்ந்தால், அவள். இந்த வீட்டில் என் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, தண்ணி வேணும்" என்றாள்.

சமையலறையில் உங்கள் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டாள். திருத்துவதா, அப்படியே விடுவதா என்று எங்களுக்கு ஒரே குழப்பம். இப்போதைக்கு அவள் கூப்பிடும்போதெல்லாம், "என்னங்க?" என்று போய் நிற்கிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை